சட்டைக்குப் போட்ட கஞ்சியும் ஜெல்லுக்குள் ஊர்ந்த பாம்பும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி மகள் பயோடெக்னாலஜி படிக்கிறாள். போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாள். "பெரியப்பா, ஜெல்லுல டி.என்.ஏ.வை ஓடவிட்டா சின்னத் துண்டு முன்னால போகுது, பெரிய துண்டு பின்னால வருது. ஏன்னு கேட்டா சல்லடை மாதிரின்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. சல்லடைல பெருசு மேலயே நின்னுடுமே? இங்க பெருசும் போகுதே, மெதுவாத்தானே போகுது?"

அருமையான கேள்வி. இதற்கு முழுப் பதில் கிடைக்க விஞ்ஞானிகளுக்கே சுமார் 50 வருடம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். அறிவியல் படிக்காத உறவினர்களும் பயப்பட வேண்டாம். கஞ்சி, கடல்பாசி, பாம்பு, வேட்டி எல்லாம் வரும்.

முதலில் அடிப்படை. புரதம், டி.என்.ஏ. போன்றவை மிக நீளமான சங்கிலி மூலக்கூறுகள். வேதியியலில் பலபடி என்று படித்திருப்பீர்கள். தண்ணீரில் இவற்றுக்கு மின்னூட்டம் உண்டு. ஆகவே இரண்டு பக்கமும் மின்வாய் வைத்து மின்சாரம் கொடுத்தால் நகரத் தொடங்கும். எதிர் மின்னூட்டம் உள்ளது நேர்மின்வாயை நோக்கிப் போகும். இதற்குப் பெயர் எலக்ட்ரோஃபோரசிஸ். நம் பழைய புத்தகங்களில் மின்முனைக் கவர்ச்சி. கலந்து கிடக்கும் பொருள்களை இப்படி ஓடவிட்டுப் பிரிக்கலாம் என்பதுதான் யோசனை.

யோசனை சுலபம், செய்வது கடினம். மின்சாரம் பாய்ந்தால் தண்ணீர் சூடாகும். சூடான தண்ணீர் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பிரிந்து வந்ததெல்லாம் மறுபடி கலங்கிப் போகும். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆர்னே டிசேலியஸ் என்பவர் இதோடு வருடக்கணக்கில் போராடினார். கடைசியில் கருவியை 4 டிகிரிக்கு அருகில் குளிர வைத்து ஓட்டினார். ஏன் 4 டிகிரி? குளம் மேலே உறைந்தாலும் அடியில் மீன் உயிரோடு இருப்பது எப்படி என்று நம் வகுப்பில் படித்தோமே, அதே காரணம்தான். அந்த வெப்பநிலையில் தண்ணீரின் அடர்த்தி உச்சத்தில் இருக்கும். கொஞ்சம் சூடேறினாலும் அடர்த்தி அதிகம் மாறாது, தண்ணீர் கலங்காது. 1937இல் அவர் இரத்த சீரத்தை ஆல்புமின், ஆல்ஃபா, பீட்டா, காமா குளோபுலின்கள் என்று பிரித்துக் காட்டினார். 1948இல் நோபல் பரிசு. காமா குளோபுலின் என்று டாக்டர்கள் சொல்கிறார்களே, அந்தப் பெயர் இந்த வரிசையிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கருவியால் விளைந்த ஒரு பெரிய காரியத்தைச் சொல்லாமல் நகர முடியாது. 1949இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் அவருடைய இளம் சகாக்களும் அரிவாள் செல் சோகை நோயாளிகளின் ஹீமோகுளோபினை இதே முறையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சாதாரண ஹீமோகுளோபினும் அதுவும் வேறு வேறு வேகத்தில் போயின. மூலக்கூறின் மின்னூட்டமே வேறாக இருந்தது. நோயைத் தன் உடலில் சுமந்தும் நோயாளி ஆகாதவர்களின் இரத்தத்தில் இரண்டு வகையும் கலந்து இருந்தன. ஒரு நோய்க்குக் காரணம் ஒரே ஒரு மூலக்கூறின் மாற்றம் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். அந்தச் சோதனைகளைச் செய்தவர்களில் முக்கியமானவர் ஹார்வி இட்டானோ. ஜப்பானிய வம்சாவளி. 1942இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதல் மாணவராகத் தேறியும், பட்டமளிப்பு விழாவுக்குப் போக முடியவில்லை. போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்திருந்தார்கள், அதில் அவரும் ஒருவர்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த அரிவாள் செல் தன்மை இருப்பதைக் கண்டு எழுதினார்கள். தாய், தகப்பன் இருவரும் இதைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு இரத்தப் பரிசோதனை போதும். பல லேப்களில் அதற்கு இன்றும் ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரசிஸ் என்றுதான் பெயர். ஜாதகம் பார்க்கும் நேரத்தில் இதையும் பார்க்கலாம் என்பது என் கட்சி.

சரி, கதைக்கு வருவோம். டிசேலியஸ் கருவி ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். விலையும் எல்லோருக்கும் எட்டாது. தண்ணீர் கலங்காமல் இருக்க மலிவான வழி வேண்டும். அதற்கு வடிதாளை நனைத்து அதில் ஓடவிட்டார்கள். ஓரளவு நடந்தது.

இங்கேதான் ஆலிவர் ஸ்மிதீஸ் வருகிறார். 1925இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் கனடாவின் டொராண்டோவில் டேவிட் ஸ்காட் என்ற இன்சுலின் நிபுணரிடம் வேலைக்குச் சேர்ந்தார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட ஊர் அது. எதை வேண்டுமானாலும் ஆராய்ச்சி செய், ஆனால் அதற்கு இன்சுலினோடு சம்பந்தம் இருக்க வேண்டும் என்பது ஸ்காட் போட்ட ஒரே நிபந்தனை. இன்சுலினுக்கு முன்னோடியாக வேறொரு புரதம் இருக்குமோ என்று தேட ஆரம்பித்தார் ஸ்மிதீஸ். வடிதாளில் ஓடவிட்டால் இன்சுலின் தாளோடு ஒட்டிக்கொண்டு, பாய் விரித்தாற்போல நீளமாக இழுவிக்கொண்டது. ஒன்றும் பிரியவில்லை.

அதே ஊரில் குழந்தைகள் மருத்துவமனையில் ஒருவர் தாளுக்குப் பதிலாக ஈரமான ஸ்டார்ச் மாவைப் பெட்டியில் நிரப்பி ஓடவிடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். மாவில் புரதம் ஒட்டவில்லை. நல்லது. ஆனால் எங்கே போய் நிற்கிறது என்று தெரிய அந்த மாவை நாற்பது துண்டுபோல வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். உதவிக்கு ஆள் இல்லாதவர் என்ன செய்வார்?

அப்போது அவருக்குச் சின்ன வயது ஞாபகம் வந்தது. அம்மா துணி துவைக்கும் நாளில் அப்பாவின் சட்டைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவார். மிச்சக் கஞ்சி ஆறினால் கெட்டியாகி ஜெல்லி மாதிரி உறைந்துபோகும். நம் வீட்டில் வேட்டிக்குக் கஞ்சி போட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஸ்டார்ச்சைப் பச்சை மாவாக வைப்பதற்குப் பதில் காய்ச்சி உறைய வைத்தால், ஒரே பாளமாக இருக்கும். ஓட்டி முடித்ததும் மொத்தமாகச் சாயத்தில் தோய்த்தால் புரதம் நிற்கும் இடம் கோடு கோடாகத் தெரிந்துவிடும். வெட்ட வேண்டாம், நாற்பது சோதனை வேண்டாம். 1954 ஜனவரியில் செய்து பார்த்தார். நடந்தது.

பிறகு இரத்த சீரத்தை ஓட்டியபோது, தாளில் ஐந்து பட்டைகளாக வந்தது கஞ்சி ஜெல்லில் இன்னும் பலவாகப் பிரிந்தது. அது மட்டுமல்ல, ஆளுக்கு ஆள் வேறுபட்டது. முதலில் கிடைத்த சில மாதிரிகளை வைத்து ஆணின் இரத்தம் ஒரு மாதிரி, பெண்ணின் இரத்தம் ஒரு மாதிரி என்று நினைத்து உற்சாகப்பட்டார். மேலும் சிலரைச் சோதித்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. உண்மையில் அது ஹாப்டோகுளோபின் என்ற புரதத்தின் பரம்பரை வேறுபாடு. நார்மா ஃபோர்ட் வாக்கர் என்ற மரபியல் அறிஞரோடு சேர்ந்து குடும்பங்களைச் சோதித்து அதை நிறுவினார். 1955இல் முறை வெளியானதும் உலகமெங்கும் ஆய்வகங்களில் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார்கள். அவர் தேடிய இன்சுலின் முன்னோடியை மட்டும் அவர் கண்டுபிடிக்கவே இல்லை. 1967இல் டொனால்ட் ஸ்டைனர் வேறொரு வழியில் கண்டுபிடித்தார். ஸ்மிதீஸுக்கு 2007இல் நோபல் கிடைத்தது, அதுவும் மரபணுவை மாற்றும் முற்றிலும் வேறொரு வேலைக்காக. என்னைக் கேட்டால் கஞ்சிக்கே ஒன்று கொடுத்திருக்கலாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜெல்லைக் கொண்டுவந்தது தண்ணீர் கலங்காமல் பிடித்துக்கொள்வதற்காக மட்டுமே. ஆனால் அது இன்னொரு வேலையையும் சொல்லாமலே செய்தது. மின்னூட்டத்தைப் பார்த்து மட்டுமல்ல, உருவத்தைப் பார்த்தும் புரதங்களைத் தரம் பிரித்தது. பெரியவை பின்தங்கின. ஸ்மிதீஸே இதைக் கவனித்து எழுதினார். சல்லடை என்ற பேச்சு வேரூன்றியது இப்படித்தான்.

புரதத்துக்கு அந்த உவமை ஓரளவு பொருந்தும். டி.என்.ஏ.வுக்கு வந்தால்தான் சிக்கல்.

டி.என்.ஏ.வில் ஒவ்வொரு படிக்கும் ஒரே அளவு எதிர் மின்னூட்டம். இருமடங்கு நீளம் என்றால் இருமடங்கு இழுவிசை, இருமடங்கு உராய்வு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எஞ்சின் பொருத்திய ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பெட்டியானால் என்ன, நூறு பெட்டியானால் என்ன, வேகம் ஒன்றுதான். பெரிய மழைத்துளி சின்னதைவிட வேகமாக விழுகிறதே, அதுபோல இங்கும் நடக்காதா என்று கேட்கலாம். நடக்காது. டி.என்.ஏ.வைச் சுற்றி உப்பின் நேர் அயனிகள் மொய்த்திருக்கும். மின்புலம் அவற்றை எதிர்த்திசையில் இழுக்கும். சங்கிலி முன்னே இழுக்கும் தண்ணீரை அவை பின்னே இழுத்துச் சமன் செய்துவிடும். அதனால் சங்கிலியின் ஒரு பகுதிக்கு இன்னொரு பகுதியின் துணை கிடைப்பதில்லை, அவரவர் பாடு அவரவருக்கு. 1964இல் ஒலிவேரா, பெய்ன், டேவிட்சன் மூவரும் இதைச் சோதனையில் காட்டினார்கள். வெறும் தண்ணீரில் நீள டி.என்.ஏ.க்கள் எல்லாம் ஒரே வேகத்தில்தான் ஓடின.

அதாவது வழியில் தடை எதுவும் இல்லையென்றால் டி.என்.ஏ.வை நீளவாரியாகப் பிரிக்கவே முடியாது. தண்ணீரை அசையாமல் பிடிக்க வந்த ஜெல்தான் இங்கே முழு வேலையையும் செய்கிறது!

எந்த ஜெல்? இதுவும் சமையலறையிலிருந்து வந்ததுதான். 1881இல் ஜெர்மனியில் வால்டர் ஹெஸ்ஸே என்ற ஆராய்ச்சியாளரின் மனைவி ஃபானி, கிருமி வளர்க்க ஜெலட்டின் உருகிப் போகிறதே என்று கணவர் தவித்தபோது, தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகர் அகரைச் சொன்னார். நம் ஊரில் சைனா கிராஸ் என்போமே, அது. நோன்பு நாட்களில் அண்டை வீட்டிலிருந்து கடல்பாசி என்று பால் ஊற்றி உறையவைத்து அனுப்புவார்களே, அதுவேதான். மன்னார் வளைகுடாவில் நம் ராமநாதபுரத்துப் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் அகர் உண்டு. அந்த உழைப்பைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அகரில் மின்னூட்டம் உள்ள பகுதியைக் கழித்துவிட்டால் எஞ்சுவது அகரோஸ். 1961இல் டிசேலியஸின் மாணவர் ஸ்டெல்லான் யெர்ட்டேன் அதை இந்த வேலைக்குக் கொண்டுவந்தார். 1973இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஷார்ப், சுக்டென், சாம்புரூக் மூவரும் எத்திடியம் புரோமைடு சாயம் போட்டுப் புற ஊதா ஒளியில் பார்த்தார்கள். டி.என்.ஏ. பட்டைகள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன. இன்று எல்லா லேபிலும் நடப்பது அநேகமாக இதே முறைதான்.

இப்போது சல்லடையை விசாரிப்போம். 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் துளைகள் சுமார் 100, 200 நானோமீட்டர் அகலம். 10,000 படி உள்ள டி.என்.ஏ. தண்ணீரில் நூல்பந்து மாதிரிச் சுருண்டு கிடக்கும். அந்தப் பந்தின் அகலம் ஏறக்குறைய 500 நானோமீட்டர். சல்லடை நியாயப்படி அது உள்ளேயே நுழையக் கூடாது. ஆனால் ஜம்மென்று போகிறது. எப்படி?

விடை பிளாஸ்டிக், ரப்பர் ஆராய்ச்சிக்காரர்களிடம் இருந்தது. 1967இல் சாம் எட்வர்ட்ஸ் ரப்பருக்குள் சிக்கிய சங்கிலியை, குழாய்க்குள் அடைபட்டது போல என்று கணக்குப் போட்டார். 1971இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் த ஜென், அசையாத தடைகளுக்கு நடுவே மாட்டிய ஒரு சங்கிலி எப்படி நகரும் என்று கேட்டார். பக்கவாட்டில் நகர முடியாது, தடை இருக்கிறது. தலைப்பக்கமோ வால்பக்கமோதான் நகர முடியும். முள்ளுக்காட்டில் பாம்பு ஊர்வது போல. ஊர்தல் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து ரெப்டேஷன் என்று பெயர் வைத்தார். 1991இல் அவருக்கும் நோபல். அவருடைய கட்டுரையில் மின்னூட்டமும் இல்லை, மின்புலமும் இல்லை.

அந்தப் பாம்புக்கு மின்சாரம் கொடுத்தவர்கள் 1982இல் இரண்டு குழுவினர்: லெர்மன், ஃபிரிஷ் ஒரு பக்கம், லம்ப்கின், சிம் மறுபக்கம். அவர்கள் சொன்னதன் சாரம் இது. பாம்பு வளைந்து வளைந்து கிடக்கிறது. மின்புலம் அதன் உடம்பு முழுவதையும் ஒரே திசையில், தெற்கே என்று வைத்துக்கொள்வோம், இழுக்கிறது. உடம்பில் தெற்கு நோக்கிக் கிடக்கும் பகுதி தலையை முன்னே தள்ளும். வளைந்து வடக்கே திரும்பிய பகுதியோ அதே இழுப்பால் வால்பக்கம் தள்ளும். உடம்புக்குள்ளேயே கயிறு இழுக்கும் போட்டி. பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போய், தலைக்கும் வாலுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஏற்ற இழுப்பு மட்டுமே மிஞ்சும். உராய்வோ முழு உடம்புக்கும் உண்டு. நீளம் கூடக்கூட இழுப்பில் வீணாவது அதிகம். கணக்குப் போட்டால் நீளம் இருமடங்கானால் வேகம் பாதி. சோதனைச்சாலையில் கண்டது அதுவே.

பெரியது ஏன் நிற்காமல் மெதுவாகப் போகிறது என்பதற்குப் பதில் இது. ஜெல் பெரியதை நிறுத்துவதில்லை. பந்தாகப் போக முடியாமல் பாம்பாகப் போக வைக்கிறது.

ஆனால் இதே பதிலில் ஒரு கண்ணியும் இருக்கிறது. மிக நீளமான பாம்பை மின்புலம் மெல்ல மெல்ல நிமிர்த்தி நேராக்கிவிடும். நேரானால் வடக்கே திரும்பிய பகுதி இல்லை, கயிறு இழுப்பும் இல்லை. மறுபடி பெட்டிக்கொரு எஞ்சின் வைத்த ரயில்தான்! 50,000 படிக்கு மேற்பட்டவை எல்லாம் சாதாரண ஜெல்லில் ஒரே கூட்டமாக வந்து நிற்பதற்குக் காரணம் இது. 1985இல் இதைக் கணக்கிட்டவர்களில் ஸ்லேட்டர், நூலாண்டி இருவரும் இருந்த இடம் எது தெரியுமா? ஜெராக்ஸ் கம்பெனியின் கனடா ஆய்வகம்.

ஈஸ்டின் மிகச் சிறிய குரோமோசோமே 2,30,000 படி. அப்படியானால் குரோமோசோம்களைப் பிரிக்கவே முடியாதா? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷ்வார்ட்ஸ், சார்லஸ் கேன்டர் இருவரும் 1984இல், அந்தக் கணக்கு வெளிவரும் முன்பே, வழி கண்டுபிடித்துவிட்டார்கள். மின்புலத்தின் திசையைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊர்ச் சந்தில் ஆட்டோ சட்டென்று திரும்பிவிடும். நீளமான டிரெய்லர் லாரி திரும்பி முடிப்பதற்குள் நமக்கு வயதாகிவிடும். நேர்ச்சாலையில் இரண்டும் ஒரே வேகம் என்றாலும், திருப்பங்கள் நிறைய வைத்தால் லாரி பின்தங்கும். அதே தந்திரம். இவ்வளவு நீள டி.என்.ஏ. பிப்பெட்டில் உறிஞ்சினாலே அறுந்துபோகும். அதனால் ஈஸ்ட் செல்களை உயிரோடு அகரோஸ் கட்டிக்குள் பதித்து, அதற்குள்ளேயே செல்லை உடைத்து, கட்டியை அப்படியே ஜெல்லில் செருகினார்கள். இந்தச் சமையல் நுணுக்கம் இல்லாவிட்டால் அந்த யோசனை காகிதத்தோடு நின்றிருக்கும்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கும் மாமாக்களுக்காக: 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டு எழுநூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். நோயாளிகளிடம் இருந்த கிருமியும் இறைச்சியில் இருந்த கிருமியும் ஒன்றே என்று காட்டியது இந்தத் திசை மாற்றும் ஜெல். 1996இல் இதை வைத்தே அந்த நாட்டில் பல்ஸ்நெட் என்ற கண்காணிப்பு வலை தொடங்கியது. முழு மரபணுத் தொடரையே படிக்கும் முறைக்கு அது மாறும் வரை, இருபது வருடத்துக்கும் மேலாகக் கெட்ட உணவைக் காட்டிக் கொடுத்தது இந்தப் பட்டைகள்தான்.

இவ்வளவு நடந்த பிறகும் அந்தப் பாம்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1989இல்தான் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஒளிரும் சாயமிட்ட தனித்தனி டி.என்.ஏ.வை நுண்ணோக்கியில் வீடியோ எடுத்தன. ஸ்டீவன் ஸ்மித்தும் கூட்டாளிகளும் ஒன்று, மேலே சொன்ன ஷ்வார்ட்ஸ் குழு மற்றொன்று. பார்த்தால், மின்புலம் பலமாக இருக்கும்போது பாம்பு சாதுவாக ஊரவில்லை. ஜெல்லின் ஒரு இழையில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் தொங்கி ஆங்கில யு எழுத்து மாதிரி நீள்கிறது. கொடியில் ஏறுமாறாகப் போட்ட வேட்டி நீளமான பக்கமாக நழுவி விழுமே, அதுபோல நழுவி விடுபடுகிறது. உடனே சுருண்டு கட்டியாகிறது. மறுபடி நீள்கிறது, மறுபடி மாட்டுகிறது. ஒரு வருடம் முன்பே ஜே. எம். டாய்ச் என்பவர் கம்ப்யூட்டரில் இதேபோல ஒன்றைப் பார்த்திருந்தார். கணினியில் கண்டது ஜெல்லிலும் தெரிந்தது. மெல்லிய மின்புலத்தில், நடுத்தர நீளத்துக்கு, த ஜென்னின் பாம்பு இன்றும் சரியாகவே இருக்கிறது.

லேபில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தாங்கள் ஓட்டிய ஜெல் படம் ஒன்றை இங்கே போடுங்கள். என் தம்பி மகளுக்குக் காட்ட வேண்டும். எத்திடியம் புரோமைடைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.